ராகு காலத்துக்குக் காத்திருந்த வாரண்டு

பூட்டை உடைக்கச் சுத்தியலை ஓங்கியவன் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாம்பரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். கோர்ட்டில் குறை சொல்லித் திருப்பிய மனு என் கையால் போனதில் ஒன்றுகூட இல்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவன் செய்த காரியம் இது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படித்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும் செய்யட்டும்.

1. பத்திரம் ஒருத்தர் பேரில், வீடு இன்னொருத்தர் கையில்

அறுபதுகளின் கடைசி. எஸ்தர் டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் இருந்தார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போதே, இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, சேலையூரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டை வாங்கினார். அதில் மாணிக்கம் என்பவர் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். வீட்டை விற்றவர், "பத்திரம் முடிஞ்சதும் காலி பண்ணிடுவாரு டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார். டீச்சரும் நம்பியிருக்கிறார்.

பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சார், ரெஜிஸ்டர் ஆயிடுச்சு. எப்ப குடி போகலாம்?" என்று கேட்டார்.

எங்கள் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றினால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். "டீச்சரம்மா, பத்திரம் உங்க பேர்ல இருக்கு. வீடு அவர் கையில இருக்கு. கை மாறினாதான் குடி போகலாம்" என்றார்.

குடியிருப்பவரை வைத்துக்கொண்டே வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் முதலில் விழிப்பார்கள். வீடு விற்றுப் போனதால் மட்டும் வாடகைக்காரர் போக வேண்டியதில்லை. புது ஓனர் தனக்கே வீடு தேவை, வேறு சொந்த வீடு இல்லை என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். டீச்சர் விஷயத்தில் அது உண்மை. ரிட்டயர் ஆன மாசக் கடைசியில் குவார்ட்டர்ஸை விட்டாக வேண்டும். அதற்குப் பிறகு தலை சாய்க்க இடம் கிடையாது. அண்ணன் தம்பி வீடு என்று போய் நிற்கவும் ஆள் இல்லை.

2. மாணிக்கத்தின் பஞ்சாங்கம்

கேஸ் போடுவதற்கு முன்னால் சமாதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்று நானே போனேன். மாணிக்கம் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான பேச்சு. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, கையில் பஞ்சாங்கத்தோடு எதிரில் உட்கார்ந்தார்.

"காலி பண்றதுக்கு என்ன சார், தாராளமா பண்றேன். அவங்க வீடு, அவங்களுக்கு இல்லாததா? ஆனா ஆடி பொறந்துடுச்சே. ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா?"

நியாயம்தானே என்று திரும்பி வந்தேன். ஆவணியில் போனால், "நல்ல நாளெல்லாம் என் நட்சத்திரத்துக்கு ஒத்து வரலியே" என்றார். புரட்டாசியில் வீடு மாறக் கூடாது. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகையில் சந்திராஷ்டமம். மார்கழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தையில் வழி பிறக்கும் என்று போனேன். மகளுக்கு வரன் வந்திருக்கிறது, இந்த நேரத்தில் வாசலை மாற்றினால் தகையாது என்றார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டிச் சொல்வார். நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். ஏனென்றால் அந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு. ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டேன். மனு தாக்கல் செய்வதென்றால் கோர்ட் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற குமாஸ்தாக்கள் என்னை 'நல்ல நேரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வக்கீல் ஒரு நாள் கத்திவிட்டார். "யோவ், உன்னை அங்க காலி பண்ணச் சொல்ல அனுப்பினேனா, ஜோசியம் பாக்க அனுப்பினேனா?"

கேஸ் போட்டோம். இழுத்தது. ஜெயித்தோம். காலி செய்ய மாணிக்கத்துக்குத் தவணை கொடுத்தார்கள். தவணை முடிந்தும் அசையவில்லை. கடைசியில் டெலிவரி வாரண்டு வாங்கினோம். டெலிவரி என்றால் இளசுகள் ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டாம். கோர்ட் உத்தரவின்படி வீட்டை ஓனர் கையில் ஒப்படைப்பதற்கு எங்கள் பாஷையில் அதுதான் பெயர். அதை நிறைவேற்ற கோர்ட்டிலிருந்து ஆமீன் வருவார். பூட்டியிருந்தால் பூட்டை உடைப்பார். சாமான்களை லிஸ்ட் எடுத்து வெளியே வைப்பார்.

டெலிவரிக்குக் குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. டீச்சர் குவார்ட்டர்ஸை விட வேண்டிய கெடுவும் அன்றைக்குத்தான். நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "காலையிலேயே சாவியை ஸ்கூல்ல குடுத்துட்டு, சாமான்களை வண்டியில ஏத்திக்கிட்டு நேரா வந்துடுங்க டீச்சர். சாயங்காலக் காப்பி உங்க வீட்லதான்."

3. ஒன்றே முக்கால் மணி

ஆமீன் வந்த ரயில் லேட். சேலையூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால். வெயில் மண்டையைப் பிளந்தது. டீச்சர் எங்களுக்கு முன்பே வந்து, ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பீரோ ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மாணிக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவி சரோஜாம்மாவோடு வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"சாவி எங்க?" என்று ஆமீன் கேட்டார்.

"தொலைஞ்சு போச்சுங்க" என்றார் மாணிக்கம், ரொம்ப வருத்தமாக.

நாங்கள் கூட்டிப் போயிருந்த பூட்டுக்காரன் வேஷ்டியை மடித்துக் கட்டினான். சுத்தியலை ஓங்கினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம்! பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

"டேய், நிறுத்து! ராகு காலம்டா!"

"இன்னா சார், பேஜார் பண்றே? வூட்டைத் தொறக்க இஸ்துகினு வந்துட்டு, இப்போ வேணான்றியா?"

ஆமீனைப் பார்த்தேன். அவர் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. அவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வாஸ்தவம்தான். ஒரு அம்மா புதுசா குடி போற வீடு. நாம அபசகுனமா ஆரம்பிக்கக் கூடாது. சூரியன் மறையறதுக்குள்ள முடிச்சா போதும்" என்றார்.

மாணிக்கம் எழுந்து வந்து கையைக் கூப்பினார். "அதேதான் சார் நானும் சொல்ல வந்தேன். நான் போறது போறேன், அந்தம்மா நல்லா இருக்கணும். மூணு மணிக்கு நானே கூட நின்னு ஒடைக்கச் சொல்றேன்."

என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். மடையன்! டீச்சரிடம் போய், "ஒண்ணேகால் மணி நேரம் பொறுத்துக்கலாம் டீச்சர். ராகு காலத்துல டெலிவரி எடுக்கறதில்ல" என்றேன்.

அவர் வீட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "அப்படியா சார்? நீங்க சொன்னா சரி" என்றார்.

மாணிக்கம் பக்கத்து வீட்டில் சொல்லி எல்லாருக்கும் மோர் வரவழைத்தார். பெருங்காயம் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். வாரண்டோடு வந்தவர்கள் எதிராளி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, எதிராளி வீட்டு மர நிழலில் ஊர்க் கதை பேசினோம். ஆமீன் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். பூட்டுக்காரன் மட்டும், "இதெல்லாம் நல்லா இல்ல சார், சொல்லிக்கினே கீறேன்" என்று முனகிக்கொண்டிருந்தான். அங்கே இருந்த ஆண்களில் புத்தி வேலை செய்தது அவனுக்கு ஒருத்தனுக்குத்தான்.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்தது. பறந்து வந்தது என்றே சொல்ல வேண்டும். மாணிக்கத்தின் மூத்த மகன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஆமீனிடம் நீட்டினான். அன்று காலையில்தான் அப்பீல் போட்டு, ஸ்டே வாங்கி, கையோடு நகலும் வாங்கி, அடுத்த ரயிலைப் பிடித்து வந்திருக்கிறான்.

ஆமீன் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். வாரண்டை மடித்துப் பையில் வைத்தார். "ஸ்டே இருக்கும்போது நான் தொடக் கூடாது. வரேன்" என்று ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

டீச்சர் காலையிலேயே குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டார், நான் சொன்னேன் என்று. வண்டிக்காரர் மாட்டைப் பூட்டி, "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார். டீச்சர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, போக இடம் இல்லாமல் நடுத்தெருவில் நின்றார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத சரோஜாம்மா எழுந்தார். நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றார்.

"போதுங்க. ராகு காலமாம், ராகு காலம்! நம்ம கல்யாணத்தையே ராகு காலத்துல வச்சாத்தான் மாலை மாத்துவேன்னு அடம் புடிச்ச ஆளுதானே நீங்க? ஐயரும் வேணாம், ஓமமும் வேணாம்னு மேடை போட்டு, நாலு பேரைப் பேச வச்சுக் கட்டிக்கலியா? எங்கப்பா அன்னிக்கு முழுக்க சோறு திங்கல!" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார், அந்தப் பஞ்சாங்கமே உங்க கேசுக்காக வாங்கினதுதான்."

பூட்டுக்காரன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

சரோஜாம்மா இடுப்பிலிருந்து, அந்தத் தொலைந்து போன சாவியை எடுத்தார். கதவைத் திறந்தார். "டீச்சர், உள்ள வாங்க. முன் ரூமை நீங்க வச்சுக்கோங்க. இவரு என்ன சொல்றாருன்னு நான் பாத்துக்கறேன்" என்றார். மாணிக்கம் வண்டிக்குப் போய்க் கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்தார்.

4. சொந்த வீட்டு விருந்தாளி

வக்கீலிடம் நடந்ததைச் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "அந்தம்மா இப்ப சட்டப்படி யாருய்யா? சொந்த வீட்ல, வாடகைக்காரருக்கு விருந்தாளி! இதுக்கு எந்த செக்‌ஷன்ல மனுப் போடறது?"

மனு எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றரை மாசத்தில் மாணிக்கமே ஆபீஸுக்கு வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"சார், அப்பீலை வாபஸ் வாங்கிக்கறேன். கீழ்க்கட்டளையில வீடு பாத்துட்டேன்."

"ஏன் சார், டீச்சர் ஏதாவது சண்டை போட்டாங்களா?"

"போட்டா பரவாயில்லையே! ஒவ்வொண்ணுக்கும் பர்மிஷன் கேக்கறாங்க. சார், கெணத்தடிக்குப் போகலாமா? சார், கொடியில ஒரு புடவை காயப் போடலாமா? சார், சத்தமா ஜெபம் பண்ணினா உங்களுக்குத் தொந்தரவா? அவங்க வீட்டுக்கு நான் பர்மிஷன் குடுக்கறேன் சார்! சோறு எறங்கல. நீங்க போட்ட கேஸையெல்லாம் தாங்கிட்டேன். இதைத் தாங்க முடியல."

சொன்னபடி அடுத்த வாரமே காலி செய்தார். எந்த நாளில், எந்த நேரத்தில் என்று நான் கேட்கவில்லை.

5. டீச்சர் நினைத்தது

அதற்குப் பிறகு ஒரு நாள், பட்டா மாற்றும் விஷயமாகக் கையெழுத்து வாங்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். சொன்ன காப்பியைக் கொஞ்சம் தாமதமாகக் குடித்தேன். மனசு கேட்காமல் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களாவது ஒரு வார்த்தை, எனக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது, ஒடைங்கன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லையே?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"நம்பிக்கையா? நான் அது சட்டம்னு இல்ல நெனச்சேன்! ஆயுத பூஜைக்குக் கோர்ட்டுக்கு லீவு விடறாங்களே, அந்த மாதிரி ராகு காலத்துல டெலிவரி எடுக்கக் கூடாதுன்னும் ஒரு ரூல் இருக்கும்னு நெனச்சேன். ஆமீனும் ஆமான்னாரே. கோர்ட்டைப் பத்தி எனக்கு என்ன சார் தெரியும்? நீங்க சொன்னதுதான் எனக்குச் சட்டம்."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். அந்த அம்மாவுக்கு வக்கீல் வேறு, குமாஸ்தா வேறு, சட்டப் புத்தகம் வேறு இல்லை. என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அரசாங்க உத்தரவு.

இன்றைக்கும் வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை என் சொந்தக் காரியம் எதையும் தொட மாட்டேன். என் பயம் என்னோடு இருக்கட்டும். ஆனால் கட்சிக்காரரிடம் எதையாவது சொல்ல வாயைத் திறக்கும் முன், இது சட்டமா, என் பயமா என்று ஒரு தடவை என்னையே கேட்டுக்கொள்வேன். பயம் என்றால் வாயை மூடிக்கொள்வேன்.