கீபோர்டில் படைத்த பொரி

எங்கள் வீட்டு லேப்டாப்பைத் தொட்ட கையைக் கழுவாமல் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இவள் சும்மா பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பவர்கள் அந்த மவுஸை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பிசுக்கு. நகத்தால் சுரண்டினால் சுருண்டு சுருண்டு வரும். ஹெட்போனின் மேலுறை உரிந்துபோய், மாட்டிக் கழற்றினால் காதோரமெல்லாம் கறுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். சார்ஜர் ஒயரை எலி கடித்த இடத்தில் என் கணவர் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்தார். வெயில் காலத்தில் அதன் பசை இளகி வழியும். வழிந்த பசையில் தலைமுடி, தூசி, எறும்பு என்று என்னவெல்லாமோ ஒட்டிக் கிடக்கும். அதைத் தொட்டுத்தான் தினமும் சொருக வேண்டும்.

இத்தனைக்கும் அது என்னுடைய லேப்டாப். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் டை என்கிற இரும்பு அச்சு செய்கிற ஒரு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு கணவருடைய கம்பெனி ஷிப்டுக்கும் என்னுடைய நேரத்துக்கும் ஒத்துவரவில்லை என்று எல்லாருமாகப் பேசி, என் வேலையை நிறுத்தினார்கள். அவருடைய வேலையை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கிற லேத் பட்டறைக்காரர்கள் தேய்ந்துபோன உதிரிபாகத்தை போட்டோ பிடித்து, அளவெடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுத் தருவேன். காலைச் சமையலுக்கும் மத்தியானச் சமையலுக்கும் நடுவே அந்த வேலை நடக்கும்.

மற்ற நேரமெல்லாம் அது ஊர்ப் பொதுச்சொத்து. என் மாமியார் அதில் சீரியல் பார்ப்பார். பார்த்துக்கொண்டே பூண்டு உரிப்பார். பூண்டுத் தோல் கீபோர்டு சந்துக்குள் போய்விடும். என்டர் பட்டனை அமுக்கினால் சருகை மிதித்த மாதிரி சத்தம் வரும். கணவர் ஷிப்டு முடிந்து வந்ததும் மிக்சரும் கையுமாக அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மிஷினில் ஊற்றுகிற கட்டிங் ஆயில் அவருடைய நக இடுக்கை விட்டு என்றைக்கும் போனதில்லை. ஏதாவது காட்ட வேண்டுமென்றால் திரையிலேயே விரலை வைத்துக் காட்டுவார். மிக்சர் எண்ணெயும் மிஷின் எண்ணெயும் சேர்ந்து திரையில் ரேகை ரேகையாக நிற்கும். நான் துடைப்பேன். மறுநாளும் நிற்கும். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

போன வருஷம் புனேயிலுள்ள ஒரு கம்பெனி என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கிற முழுநேர வேலை. மாதச் சம்பளம், என் பெயரில் ஒரு ஐடி, எல்லாம் உண்டு. வீடியோவில் பேசி, அவர்கள் பார்க்கப் பார்க்க ஒரு டிராயிங் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் குறித்த நாள் நமக்கு ஆயுத பூஜை. மறுநாள் தசரா, அங்கே லீவு. அதற்கடுத்து வேறு ஆட்களைப் பார்க்கிறார்கள். சரி என்று ஒத்துக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கு லேப்டாப் வேண்டும் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார், மாமியாரும் தலையாட்டினார்.

பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக அவர் வந்தார். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் வைத்ததையும் பூசணிக்காய் உடைத்ததையும் சொன்னார். "தேங்கா ஒடச்சி, கற்பூரம் காட்டி, எல தண்ணி காயறதுக்குள்ள மிஷின் லைன ஓட்ட உட்டுட்டாங்க. லோடு வண்டி வாசல்ல நிக்கிது, இன்னா பண்றது?" என்று பெருமையாகச் சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை முழுக்க நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டு வடைத் தட்டோடு ஹாலுக்கு வந்தேன். சாமி படத்துக்கு நேராக, வாழையிலையில் அவருடைய டூல்ஸ் பெட்டியும் ஸ்பேனர்களும் பைக் சாவியும். அதற்கப்புறம் மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை. கடைசியில், செருப்பு ஸ்டாண்டை ஒட்டினாற்போல் என் லேப்டாப் வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

அதன்மேல் டீசல் வாடை அடித்தது. கம்பெனியில் மிஷினைத் துடைக்கிற மாதிரியே பனியன் வேஸ்ட் துணியை டீசலில் நனைத்து அவர் துடைத்திருந்தார். திரைக்கு மேலே நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கேமரா இருக்கிற இடம் அதுதான். கீபோர்டின் மேல் ஒரு துண்டு இலை. அதில் பொரி, கடலை, வெல்லம். இலை சரிந்து பாதிப் பொரி பட்டன்களுக்கு நடுவில் இறங்கியிருந்தது. வெல்லம் கசிந்து ஸ்பேஸ் பார் மினுமினுத்தது. எறும்பு சாரை சாரையாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

கற்பூரம் அணைகிற வரைக்கும் வடைத் தட்டோடு நின்றேன். அணைந்ததும் தட்டை வைத்துவிட்டு லேப்டாப்பை எடுக்கக் குனிந்தேன்.

"ஐயோ, தொடாத கண்ணு!" என்று மாமியார் பதறினார். "படைச்சத நாளைக்கி மறுபூஜ பண்ணித்தான் எடுக்கணும். இன்னைக்கி எடுத்தா குடும்பத்துக்கே ஆவாது."

"அத்தை, மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ இருக்குது. எத்தன தடவ சொன்னேன்?"

"போன்ல பேசிக்கயேம்மா" என்றார் கணவர். வடை ஒன்று அதற்குள் அவர் வாயில் இருந்தது.

"போன்ல டிராயிங் போட முடியுமாங்க?"

"ஒரு நாள்தானே. புனேக்காரன் எங்க ஓடிப் போறான்? வேணும்னா நாளைக்கி பேசறேன்னு சொல்லு."

எனக்குள் எரிந்தது. "நேத்து உங்க கம்பெனில எல தண்ணி காயறதுக்குள்ள லைன் ஓட்டினாங்களே. அதுக்கு மட்டும் மறுபூஜ வேணாமா?"

மாமியார் மகனைப் பார்த்தார். அவர் வடையை மென்று முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அது கம்பெனிம்மா. சோறு போடற மிஷினு, நிக்க முடியாது. இது வீட்டுச் சாமான்."

பூண்டுத் தோலும் மவுஸ் அழுக்கும் எறும்பும் தராத ஒரு அருவருப்பு அந்த வார்த்தையில் இருந்தது. இலையை மடித்து எடுத்துச் சாமி முன்னால் வைத்தேன். லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். பொரியோடு கடலையோடு, எந்தக் காலத்துப் பூண்டுத் தோலெல்லாமோ கொட்டியது. கடைசியாக ஒரு கரப்பான் குஞ்சு விழுந்து அவருடைய டூல்ஸ் பெட்டிக்கு அடியில் ஓடிற்று. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனத்தை எவ்வளவு துடைத்தும் கேமரா கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம் இருந்துகொண்டே இருந்தது. எதிரில் பேசிய அம்மாள், படம் மங்கலாகத் தெரிகிறதே என்று கேட்டார். கேமரா பழசு என்றேன். டிராயிங் கொடுத்தார்கள். ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் நகத்தால் நெம்பிவிட வேண்டியிருந்தது. நடுவில் எறும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து என் மணிக்கட்டில் ஏறின. ஒன்று கடித்தும் விட்டது. கையை உதறினால் கோடு கோணிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு டிராயிங்கை முடித்தேன்.

அன்று சாயங்காலமே மெயில் வந்தது. எடுத்துக்கொண்டோம் என்றும் அடுத்த மாதம் சேரலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஹாலில் லேப்டாப்பை வைத்து அதை வாசித்துக் காட்டினேன். கணவருக்கு உண்மையிலேயே சந்தோஷம், அதை மறைக்க முடியாது. சம்பளத்தை இரண்டு தடவை கேட்டார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "எம்மா, இதுவும் சோறு போடற மிஷின்தாம்மா. இனிமே இதுமேல பூண்டு உரிக்காத!"

அவர் கையில் இன்னொரு வடை இருந்தது. அந்த உளுந்தும் அது வெந்த எண்ணெயும்கூட, வீட்டுச் சாமான் என்று காலையில் அவர் சொன்னாரே, அந்த லேப்டாப் சம்பாதித்து வாங்கியவைதான். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

வடையை வைத்துவிட்டுக் குங்குமச் சிமிழைத் திறந்தார். "அழிச்சிட்டியே, புதுசா ஒரு பொட்டு வெச்சிடலாம்" என்று விரலைத் தொட்டுக்கொண்டு திரைப்பக்கம் நீட்டினார். வடை எண்ணெயில் நனைந்த விரல். நகத்தைச் சுற்றி வழக்கமான கறுப்பு.

"தொடாதீங்க" என்றேன்.

"ஏன், என்னா ஆச்சு?"

"கை கழுவிட்டு வாங்க."

அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். எழுந்து பின்பக்கம் போனார். குழாய்ச் சத்தம் வெகு நேரம் கேட்டது. சோப்பு போட்டுத்தான் கழுவியிருக்க வேண்டும். ஈரக் கையோடு அவர் திரும்பி வந்தபோது, நான் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.