ஒடித்துப் பார்த்த சவுக்குக் கழிகள்

எங்கள் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது குரும்பகரத்தில் மழை கொட்டியது. பந்தி போட வேண்டிய கொல்லை சேறாகிவிட்டது. பந்தல்காரர்தான் வழி சொன்னார்: பட்டினச்சேரிப் பக்கத்துச் சவுக்குக் கழிகளைச் செங்கல் அடுக்குகளின் மேல் வரிசையாகப் போட்டு, மேலே பலகை அடித்து, ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை. மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர். மறுநாள் பார்க்க வந்தார்.

"ஒரு கழி எவ்வளவு தாங்கும்?"

"யானையே ஏறலாங்க."

"யானைய அழைக்கல. எங்க சொந்தக்காரங்கதான் வர்றாங்க."

இருபது கழிகளை ஒடித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

"ஒடிச்சுட்டா அப்புறம் அது எப்படிங்க தாங்கும்?" என்றார் பந்தல்காரர்.

ஒடிப்பது ஒடிக்காத கழிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள என்று விளக்கம் வந்தது. பந்தல்காரர் அதை நம்பவில்லை. ஆனாலும் இருபது கழிகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் கழியை வைத்து, நடுவில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். மிக மோசமான கழிகூட ஏழு மூட்டை தாங்கியது. சம்பந்தியின் முகம் மலர்ந்தது.

நான் மிச்சக் குவியலைப் பார்த்தேன். எல்லாம் கோணல், கணு, கரையான். ஒடிந்து கிடந்த இருபதும் அம்பு போல நேரானவை. பந்தல்காரரைத் தனியே கேட்டேன்.

"பின்ன? சம்பந்தி கையில கோணக் கழியக் குடுத்தா உங்களுக்குத்தானங்க கௌரவக் குறைச்சலு?"

சொன்னால் ஏமாற்றப் பார்த்தோம் என்றாகும். சொல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் இலையோடு சேற்றில் விழுவார்கள். சொல்லிவிட்டேன்.

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு குவியலிலிருந்து பத்துக் கழிகளை உருவினார். சராசரியாக ஐந்து மூட்டை தாங்கின. ஒன்று மட்டும் இரண்டிலேயே முறிந்தது.

"சராசரி அஞ்சு இருக்குல்ல?" என்றேன். பத்திரிகையில் சராசரியைத் தலைப்பாகப் போட்டே பழகியவன் நான்.

"சம்பந்தி, சராசரிக் கழின்னு ஒண்ணு இந்தக் குவியல்ல கிடையாது. அவங்கவங்களுக்கு வாய்ச்ச கழி மேலதான் உக்காரணும்."

இருபது கழியில் ஒன்றுதான் அதைவிடக் குறைவாகத் தாங்கும் என்கிற அளவைக் காகிதத்தில் கணக்கிட்டு, அதையும் பாதியாக்கினார். கழிக்கு ஒரு மூட்டை. நல்லவற்றை ஒடித்துவிட்டதால், இருப்பதை நெருக்கிப் போட்டோம். மேடை சுருங்கியது. பந்திக்குப் பதினாறு பேர்.

நிச்சயதார்த்தத்தன்று அவரே மேடையருகில் நின்று தலைகளை எண்ணினார். பதினேழாவதாக ஏறப்போனவர் மாப்பிள்ளை.

"நீ அடுத்த பந்தி."

"அப்பா, நாந்தாம்ப்பா மாப்ள."

"கழிக்கு அது தெரியாது."

மேடை கிறீச்சென்றுகூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார்.