நஸ்மியேயின் குரல் எட்டிய இடம்

பெஹ்ராம்கலே என்ற மலைக் கிராமத்தில் ஒரு காலத்தில் நஸ்மியேயின் குரலுக்குப் பெயர் இருந்தது. மலைமேல் நின்று மாட்டைக் கூப்பிட்டால், கீழே துறையில் வலை உலர்த்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். டாக்டர் தொண்டையில் கத்தி வைத்த பிறகு கரகரவென்று வெறும் காற்றுதான் மிச்சம். "அல்லா என் காதுக்கு ஓய்வு குடுத்துட்டான்" என்று கணவன் ரிஃப்கி டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

அன்று மாலை சாரகிஸ் திரும்பவில்லை. நிறைமாதப் பசு. போன ஈற்றில் பக்கத்தில் ஆளில்லாமல் கன்று மாட்டிக்கொண்டு செத்துப்போயிருந்தது. ரிஃப்கி கத்திக் கத்தி மலையைச் சுற்றினான். அவன் குரலுக்கு அது என்றைக்குக் காது கொடுத்தது?

நஸ்மியே தொடர்ந்து வந்த குளம்புத் தடங்கள் பழைய கிரேக்க நகரத்தின் வேலிக்குள் போயின. வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தான் காவலாளி சப்ரி, ரிஃப்கியின் தம்பி.

"நேரமாச்சே அண்ணி. டிக்கெட் இருக்கா?"

"மாடு எடுத்திருக்கும். அதுகிட்ட கேளு."

இருவரும் உள்ளே இருந்த பழைய நாடக அரங்கத்துக்குப் போனார்கள். கடலைப் பார்த்து அரைவட்டமாகச் சரியும் கல்படிகள். சின்ன வயதிலிருந்து அந்த இடுக்குகளில் மூலிகை பறித்து விற்றவள் அவள். அது அவளுக்கு முழங்கால் வலிக்கும் சரிவு, அவ்வளவுதான். படிகளுக்குக் கீழே நடுத்தளத்தில் ஒன்றும் முளைக்காது என்பதால் அங்கே நின்றதே இல்லை. இன்று எல்லாப் படிகளும் தெரியுமே என்று இறங்கி நின்றாள்.

"சாரகிஸ்... வாடி கண்ணு" என்று முனகினாள்.

உச்சிப்படியில் தேடிக்கொண்டிருந்த சப்ரி திடுக்கிட்டுத் திரும்பினான். "அண்ணி! என் காதுகிட்ட பேசுன மாதிரி இருக்கு!"

மறுபடி கூப்பிட்டாள். உச்சிச் சுவருக்கு அப்பால் கழுத்துமணி அசைந்தது.

ஓடினார்கள். கன்றின் முன்கால்கள் வெளியே வந்து நின்றிருந்தன. அவள் பிடித்து இழுக்க, சப்ரி பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டான். ஈரமும் நடுக்கமுமாகக் கன்று புல்லில் விழுந்தது, உயிரோடு.

பிறகு அவள் மறுபடி கீழே இறங்கினாள். அங்கே அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. இருட்டுகிற கடலையும், தன்னைச் சுற்றி ஏறிப்போகும் கற்களையும் பார்த்தபடி நின்றாள். யாரோ, எப்போதோ, குரல் செத்தவர்களையும் கணக்கில் வைத்தா இதை அடுக்கினார்கள்?

மேலே ரிஃப்கி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "எங்கடா போனா இவ? கன்னுக்குட்டிய இப்படியே போட்டுட்டு..."

கீழே நடுத்தளத்தில் நின்ற நஸ்மியே குரலை உயர்த்தவில்லை. "வாய மூடிட்டு அதத் தூக்குங்க."

ரிஃப்கி இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், பின்னாலும் பார்த்தான். பிறகு குனிந்து கன்றைத் தூக்கிக்கொண்டான்.