இதரப் பெட்டி

கடிதத்தைத் திருப்பி அனுப்புவது என்றால் சில்வஸ்டருக்கு ஆகவே ஆகாது. சேரம்பாடி எஸ்டேட் ஆபீசில் தபால் பை பிரித்த காலத்திலேயே அப்படித்தான். இலங்கையிலிருந்து திரும்பிவந்த சனங்களுக்கு ஆளுக்கு மூன்று பெயர். எஸ்டேட் பதிவில் ஒன்று, குடியிருக்கும் லயத்தில் ஒன்று, அக்கரையில் விட்டுவந்தது ஒன்று. ஒருமுறை யாரோ அவசரக்குடுக்கை 'ஆள் இல்லை' என்று எழுதி ஒரு கடிதத்தைத் திருப்பப்போக, மாரியாயியின் தமக்கை இலங்கையில் தங்கைக்குக் கருமாதியே செய்துவிட்டாள். இங்கே மாரியாயி குத்துக்கல்லாட்டம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சில்வஸ்டர் ஒரு மரப்பெட்டியில் 'இதர' என்று எழுதி, ஆள் தெரியாத கடிதங்களை அதில் போட்டுவைத்தான். பிரித்துப் பார்க்கமாட்டான். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவான்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் எழவே இல்லை. சேரம்பாடியில் ஆள் குறைத்தபோது மனைவி பிலோமியோடு குன்னூருக்கு வந்தான். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி ஒன்றில் அவனுக்கு ஆபீஸ் வேலை, அவளுக்குத் தூள் சலிக்கிற அறையில் வேலை. தேயிலை ஏலத்தை நம்பினால் உருப்பட முடியாது, வெளிநாட்டில் நேராக ஆள் பிடிக்க வேண்டும் என்று முதலாளி ரவிக்குமார் முடிவு கட்டினார். அதற்கு ஃபேக்டரி பெயரிலேயே ஈமெயில் வேண்டியிருந்தது.

கோயமுத்தூர் கம்பெனி ஒன்று மெயில் பெட்டிகளை வாடகைக்குக் கொடுத்தது. ரவிக்குமார் ஃபேக்டரி பெயரிலேயே தனக்கு மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டார். எந்த ஊரில் இருந்தாலும் திறந்து பார்க்கலாம். ஆபீஸ் ஆட்களுக்குச் சொந்த சர்வர். "எலி வளையானாலும் தனி வளை வேணுமில்லீங்களா, சில்வஸ்டர்?" என்று சிரித்தார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று சர்வர் ஆயிற்று. கோயமுத்தூர்க்காரர் போனில் சொல்லச் சொல்ல சில்வஸ்டர் அமைத்தான். கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் நின்றது. ஃபேக்டரி முகவரிதான், ஆனால் இந்த மெஷினில் அந்தப் பெயர் இல்லை என்றால் கடிதத்தை என்ன செய்வது?

"அதைய எங்க மெஷினுக்குத் தள்ளி உட்டுருங்க. நாங்க பாத்துக்கறோம். எங்ககிட்டயும் அந்தப் பேரு இல்லீன்னா திருப்பி அனுப்பிருவோம்" என்றார் அவர்.

திருப்பி அனுப்புவதா! சில்வஸ்டருக்கு மாரியாயி ஞாபகம் வந்துவிட்டாள். சரிங்க, சரிங்க என்று போனை வைத்தான். மெஷினுக்குத் தெரியாத பெயரெல்லாம் ஒரே பெட்டியில் விழும்படி செய்து, அதற்கும் 'இதர' என்றே பெயர் வைத்தான். முதலாளியின் பெயரே வாடகைப் பெட்டியில்தான் இருக்கிறது, இந்த மெஷினுக்கு அவரைத் தெரியாது என்பது பாவி மனுஷன் புத்தியில் உறைக்கவில்லை.

சோதித்துப் பார்த்தான். வெளியூருக்குப் போனது, வெளியூரிலிருந்தும் வந்தது. முதலாளி எழுதியதும் வந்து சேர்ந்தது. பிலோமியைக் கூப்பிட்டுக் காட்டினான். "உங்க சலிப்பு ரூமாட்டமே, அதது எடத்துல அதது உழுகுது பாரு."

"அடேயப்பா, நம்மூட்டுக்காரருக்கு இம்புட்டு மூளையா!" என்று அவள் கேலி செய்தாள். அவனுக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

ரவிக்குமார் சாம்பிள் பொட்டலங்களோடு துபாய்க்குப் புறப்பட்டார். "போனெல்லாம் வேண்டாமுங்க. எதுன்னாலும் மெயில்ல போடுங்க. ஒரு ஆர்டர் கெடச்சா ஃபேக்டரி ஓடும். இல்லீன்னா வந்து பூட்டறதுதான்."

ஆர்டர் கிடைத்தது! சாம்பிள் பொட்டலத்தில் ஆபீஸ் முகவரி ஒட்டியிருந்ததால் அங்கிருந்த வியாபாரி ஆபீசுக்கே எழுதினார். தூள் பிடித்திருக்கிறது, வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம், முதலாளி சம்மதம் எழுதினால் போதும் என்றார். சில்வஸ்டர் எழுந்தே நின்றுவிட்டான். உடனே முதலாளிக்கு அனுப்பினான். சலிப்பு அறையில் பிலோமி, "மாதா கண்ணத் தொறந்துட்டா" என்று அழுதேவிட்டாள்.

முதலாளியிடமிருந்து பதில் இல்லை. மறுபடி அனுப்பினான். 'ஏதாவது வந்ததா?' என்று அவரே ஒருநாள் எழுதிக் கேட்டார். வந்திருக்கிறது, அனுப்பிவிட்டேன் என்று பதில் போட்டான். அதுவும் போய் 'இதர'வில் விழுந்தது.

"ஏனுங்க, ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றாள் பிலோமி.

"வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவருக்குப் போட்டு வாங்கிக் கட்டிக்கச் சொல்றயா? பெரிய முடிவு, யோசிக்கறாரு."

அவராவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பூட்டிவிடலாம் என்று பாதி மனசோடு போனவருக்கு அந்த மௌனம் வசதியாகிவிட்டது. வியாபாரி காத்துப் பார்த்துவிட்டு வேறு ஃபேக்டரியிடம் போனார்.

திரும்பி வந்த ரவிக்குமார் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "ஒருத்தரும் கேக்கலைங்க, சில்வஸ்டர். பூட்டிரலாம்."

"ஐயோ, வேணும்னு எழுதுனாங்களேங்க! நான் திருப்பித் திருப்பி அனுப்புனனேங்க!"

"எனக்கு ஒண்ணுமே வரலைங்களே."

சில்வஸ்டர் ஓடிப்போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். 'இதர'வைத் திறந்தான். முதலாளிக்கு அவன் எழுதியதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, பிரிக்காமல் கிடந்தது. ரவிக்குமார் திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். "உடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பிலோமியிடம் மட்டும் சொன்னான். அவள் அன்று அடுப்பு மூட்டவில்லை.

ஃபேக்டரி பூட்டிய பிறகு, கணக்கு ஒப்படைக்க ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது. சலிப்பு அறைப் பெண்கள் வந்து நின்றார்கள்; பின்னால் பிலோமியும் நின்றாள். "நீங்க எழுதுனா மொதலாளி கேப்பாருங்க. அரை நாளாச்சும் வேல குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அவர்களில் தபித்தாள் என்பவள். பிலோமியைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது; அவனையே நம்பி வந்திருந்தார்கள். அவன் 'இதர'வை ஒழித்துவிட்டு, கோயமுத்தூர்க்காரர் அன்று சொன்னபடியே மெஷினை மாற்றினான். பிறகு அவர்கள் பெயரையெல்லாம் போட்டு முதலாளிக்கு எழுதி அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மெயில் வந்து விழுந்தது. பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"மொதலாளிங்களா? என்னங்க சொல்றாரு?"

ரவிக்குமார் வாடகைப் பெட்டியையும் வேண்டாம் என்று விட்டிருந்தார். கோயமுத்தூர் மெஷினிலிருந்து வந்த அதில், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று போட்டிருந்தது. சில்வஸ்டர் பிலோமியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பி வந்துருச்சுங்க" என்றான்.