வண்டின் சுருதி

வண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் தாய்மாமன். தொட்டிலில் கிடந்த காலத்திலேயே, பால் குடித்தாலும் சரி, தூக்கம் சொக்கினாலும் சரி, மூக்கால் ‘ம்ம்ம்’ என்று ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டிருப்பாளாம். “என்னக்கா, நீ பிள்ளை பெத்தியா, வண்டு பெத்தியா?” என்று அவர் கேட்டு வைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்கு அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. அப்பா வழி அத்தைமார் மூன்று பேருக்கும் இதே பழக்கம்தான். மூத்த அத்தை துணி துவைக்கும்போது முனகுவாள். நடு அத்தை ஊசியில் நூல் கோக்கும்போது முனகுவாள். சின்ன அத்தை இருக்கிறாளே, சண்டைக்குப் போனால்கூடக் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் திட்டவே ஆரம்பிப்பாள்.

அப்பா காலமான பிறகு மூன்றாம் மாடி வீட்டில் நாலு பேர். அம்மா, அக்கா, அக்காவின் புருஷன், வண்டு. அக்கா புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பட்டறை வைத்திருந்தார். வண்டு அவரை அத்தான் என்று கூப்பிட்டாளே தவிர, கூடப் பிறந்த அண்ணன் இருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டான். யாரோ வேண்டாமென்று பட்டறையில் போட்டுவிட்டுப் போன பழைய கீபோர்டு ஒன்றைத் துடைத்து, பிளக் மாற்றி, “இந்தா, உன் மூக்குக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு” என்று அவளிடம் நீட்டியது அவர்தான்.

அதில் ஆரம்பித்த பைத்தியம் அது. விடியற்காலையில் எழுந்து பார்சல் ஆபீசுக்குப் போவாள். பெட்டிகளைத் திசைவாரியாகப் பிரித்துப் போடும் வேலை. மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயும் முன்பே மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மேசை என்றால் மடக்கு மேசை. இரண்டு படுக்கையறையிலும் இடமில்லை, முன்னறையில் அக்காவின் தையல் மிஷின். ஆகவே சமையலறையில், ஜன்னலுக்கும் பழைய ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. கீபோர்டு, லேப்டாப், ஒலியை ஏற்றி இறக்கும் திருகுகள் நிறைந்த சின்னப் பெட்டி ஒன்று, இடது காது செத்துப்போன ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் சொத்து.

பாட்டுக்கு வேண்டிய சாமான் அவளுக்கு எங்கே போனாலும் கிடைத்தது. பார்சலில் ஒட்டுகிற டேப்பை உரிக்கும் சத்தத்தைப் போனில் பிடித்து வருவாள். லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளும் சத்தம், அம்மா டம்ளரைக் கவிழ்க்கும் சத்தம், அக்காவின் மிஷின் தையல் முடிந்து மூச்சு விடும் சத்தம். அதையெல்லாம் கடுகளவாக நறுக்கி, இழுத்து நீட்டி, தலைகீழாகப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவாள். கடைசியில் சுருதித் திருகைப் பிடித்துக்கொள்வாள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று நகர்த்தி, ஓரிடத்தில் கையை எடுப்பாள். “உட்கார்ந்துடுச்சு” என்பாள். அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. உட்காராத பாட்டு வெளியே போகாது, அது மாதக்கணக்கானாலும் சரி.

பாட்டை அவளே இணையத்தில் போட்டாள், வண்டு என்ற பெயரிலேயே. முதல் பாட்டைக் கேட்டவர்கள் அக்கா, பார்சல் ஆபீஸ் தோழி ஒருத்தி, அப்புறம் முகம் தெரியாத யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவர் வேறு பெயரில் ஒளிந்துகொண்டு கேட்ட அத்தான்தான் என்பது பிறகு தெரிந்தது. போகப் போக நிஜமாகவே முகம் தெரியாதவர்கள் வந்தார்கள். நூறு, ஆயிரம் என்று பெருகினார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் ஏனோ ஒரே மாதிரி இருந்தது. ‘இதை முன்னாலேயே எங்கேயோ கேட்டிருக்கேன்.’ ‘கண்ணை மூடினா எங்க வீட்டு அடுப்படியில உட்கார்ந்த மாதிரி இருக்கு.’ ஒரு கம்பெனிக்காரர் தேடி வந்து, பாட்டையெல்லாம் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் பளபளப்பாக்கி விடுகிறோம் என்றார். “பளபளப்பு வேணாங்க. என் பாட்டை நானே விட்டுக்கறேன்” என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஊரில் பாடகர்கள் வாழ்நாள் முழுக்க ஏங்கும் மேடை அது. ஒரு சாயங்காலம் முழுவதும் வண்டுவின் இசை, கூடவே நாலு வயலின். அம்மா கேட்டதும் மாடி மாடியாக இறங்கிச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று அத்தைமாரும் என்ன புடவை கட்டுவது என்று அன்றே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் ஒத்திகை ஒரு வாடகை அறையில் நடந்தது. நாலு வயலினுக்கும் தலைவி ஒரு பெரியம்மா. நரைத்த கொண்டை, வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பாட்டு பாதி போவதற்குள் வில்லைத் தூக்கிவிட்டார்.

“நிறுத்தும்மா. உன் பெட்டி எந்தச் சுருதியில இருக்கு?”

“சரியா உட்கார்ந்த இடத்துலதான் மேடம் வெச்சிருக்கேன்.”

“எங்கே உட்கார்ந்துச்சு? ரெண்டு படிக்கு நடுவுல காலைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது. இந்த ஸ்வரமும் இல்லை, அடுத்த ஸ்வரமும் இல்லை. இதோட நாங்க எப்படி வாசிக்கிறது?”

அவர் தம் வயலினில் ஒரு ஸ்வரத்தை இழுத்துக் காட்டினார். வண்டு தன் ஸ்வரத்தைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு அதிர்ந்தன. அவளுக்கே கேட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

அரங்கத்து மேனேஜர் பொறுமையான மனிதர்தான். “கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்ங்கறாங்களே. அடுத்த ஒத்திகைக்குள்ள சரி பண்ணிடுங்க” என்றவர், கொஞ்சம் தயங்கி, “இல்லேன்னா அந்தத் தேதிக்கு நான் வேற ஒருத்தரைப் பார்க்க வேண்டி வரும். தப்பா நினைக்காதீங்க” என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் வண்டு கையால் பிசைந்ததோடு சரி. “என் காதுதான் கெட்டுப்போச்சு போல” என்றாள்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு சத்தத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் காது எப்படி உருப்படும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் அவள் ஆபீசுக்குப் போன கையோடு ஃப்ரிட்ஜை நகர்த்தி, கம்ப்ரஸருக்கு அடியில் புது ரப்பர் கொடுத்து, தளர்ந்த குழாய்களை இறுக்கி, பின்புறம் பஞ்சு வைத்துக் கட்டி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் அதை ஓசையில்லாமல் ஆக்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று சிரித்துக்கொண்டே பட்டறைக்கு இறங்கிவிட்டார்.

மதியம் வண்டு வந்து உட்கார்ந்தாள். வயலின் பெரியம்மா சொன்னபடி பாட்டைச் சரியான ஸ்வரத்துக்கு இறக்கினாள். கேட்டாள். பிழை இல்லை, உயிரும் இல்லை. சரி, பழையதையே கேட்போம் என்று அதைப் போட்டாள். நேற்று வரை உட்கார்ந்திருந்த பாட்டு இன்று உட்காரவில்லை! திருகை ஏற்றினாள், இறக்கினாள். பழைய பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். ஒன்றுகூட உட்காரவில்லை. எல்லாம் யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்ட விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்றன.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

“நான் மேடைக்குப் போகலை. மேனேஜர்கிட்ட இன்னிக்கே சொல்லிடப் போறேன். எனக்குச் சுருதியே மறந்துபோச்சு.”

“மூணு அத்தையும் புடவை எடுத்தாச்சுடி” என்றாள் அக்கா. “உனக்காக இல்லாட்டியும் அதுக்காகவாவது போகணும்.”

மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த அம்மா, காதை அதன் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். “நேரம் சரியில்லேன்னா எல்லாம் சேர்ந்துதான் வரும். இந்தப் பெட்டியும் செத்துப்போச்சு. மாப்பிள்ளை, கொஞ்சம் பாருங்களேன். சத்தத்தையே காணோம்.”

அத்தானின் முகம் மலர்ந்தது. “சாகலை அத்தை. நான்தான் சத்தத்தை எடுத்துட்டேன். நம்ம வண்டுக்காக!”

வண்டுவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“எப்போ எடுத்தீங்க?”

“நீ அந்த வயலினம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தியே, அதுக்கு மறுநாள்.”

“அத்தான், திரும்பப் போடுங்க.”

“எதை?”

“சத்தத்தை!”

“அம்மா தாயே, நான் இதுவரைக்கும் சத்தத்தை எடுத்துத்தான் பழக்கம். போட்டதில்லையே!”

ஆனாலும் போட்டார். ரப்பரை உருவி, பஞ்சைப் பிடுங்கி, குழாயைத் தளர்த்தினார். ஃப்ரிட்ஜ் ஒரு தும்மல் தும்மி, பழையபடி ‘ம்ம்ம்’ என்று இழுத்தது. எச்சில் கையோடு வண்டு பாட்டைத் தட்டிவிட்டாள். வந்து உட்கார்ந்தது பாருங்கள், தன் வீட்டுப் பாயில் உட்கார்ந்த மாதிரி! ஹெட்போனில் செத்துப்போன இடது காது வழியாக இத்தனை வருஷமும் ஃப்ரிட்ஜின் உறுமல் உள்ளே வந்திருக்கிறது. அவள் அதற்குத்தான் சுருதி சேர்த்திருக்கிறாள்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அப்போ இவ்வளவு நாளா ஊரே நம்ம ஃப்ரிட்ஜைத்தான் ரசிச்சுதா?”

வண்டுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மூக்கால் அந்த உறுமலையே பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். மாடிப்படி டியூப்லைட்டின் கீழே நின்றாள். அதுவும் அதே ‘ம்ம்ம்’. பட்டறைக்கு இறங்கி, பழுது பார்த்து ஓடவிட்டிருந்த ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றிலும் காதை வைத்தாள். குட்டையோ நெட்டையோ, எல்லாம் அதே ‘ம்ம்ம்’. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலியண்டை போய் நின்றாள். அதே.

பின்னாலேயே ஓடி வந்த அத்தான் மூச்சு வாங்கினார். “எல்லாத்துக்கும் ஒரே கரண்டுதானே வண்டு. அது அதிர்ற வேகத்துலதான் எல்லாம் உறுமும். எந்த வீட்டுக்குப் போனாலும் இதேதான்.”

எந்த வீட்டுக்குப் போனாலும்! முகம் தெரியாதவர்கள் எழுதியதெல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர்கள் வீட்டு அடுப்படி நிஜமாகவே அந்தப் பாட்டுக்குள் இருந்தது. நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். மேடை ஏறினால் இந்தச் சுருதியோடுதான். ஒப்பவில்லையென்றால் மேடையே வேண்டாம்.

இரண்டாம் ஒத்திகை அரங்கத்திலேயே நடந்தது. முதல் ஸ்வரம் வந்ததுமே வயலின் பெரியம்மாவின் புருவம் ஏறிவிட்டது.

“அதே இடத்துலதான் வெச்சிருக்கே?”

“ஆமா மேடம். நீங்க சொன்னது சரி. ரெண்டு படிக்கு நடுவுலதான் இருக்கு. ஆனா ஒரே ஒரு நிமிஷம், யாரும் எதுவும் வாசிக்காம இருங்களேன். அதுக்கப்புறமும் வேணாம்னா நான் கிளம்பிடறேன்.”

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரியம்மா வில்லை மடியில் வைத்தார். அந்தப் பெரிய அரங்கம் அடங்கியது. அடங்க அடங்க, கூரையில் எரிந்த விளக்கு வரிசையிலிருந்து மெதுவாக ஒன்று இறங்கி வந்தது. ‘ம்ம்ம்’.

“மன்னிச்சுக்குங்க மேடம்” என்று மூலையிலிருந்து சவுண்டுக்காரர் குரல் கொடுத்தார். “லைட்டோட உறுமல். இந்த ஹாலுக்குக் கூடவே பிறந்த வியாதி. நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்துட்டேன்.”

பெரியம்மா கண்ணை மூடி, வயலினைத் தோளில் வைத்து, தந்தியில் விரலை மயிரிழை மயிரிழையாக மேலே நகர்த்தினார். இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவில் ஓரிடத்தில் வயலினின் ஒலியும் கூரையின் ஒலியும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போயிற்று. வில் அங்கேயே நின்று நீண்டது.

“அடிப்பாவி!” என்றார் கண்ணைத் திறந்து. “எத்தனை வருஷமா இந்த மேடையில வாசிக்கிறேன். ஏதோ ஒண்ணு கூடவே நின்னு என்னோட சண்டை போடுதேன்னு நினைச்சிருக்கேன். நீ அதோட சம்பந்தமே பண்ணிக்கிட்டியே!” மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். “என்ன வேடிக்கை? தந்தியை ஏத்துங்க.”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “அப்போ அவங்க பெட்டியை மாத்த வேணாமா?”

“வேணாம். எங்களுக்குத் திருக ஆணி இருக்கு. கரண்டுக்கு இருக்கா?”

அந்தச் சாயங்காலம் அரங்கத்தில் உட்கார இடமில்லாமல் படிக்கட்டெல்லாம் ஆட்கள். வண்டு மேடைக்கு வந்தாள், கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஒன்றும் செய்யவில்லை. ஜனங்கள் இருமி, செருமி, நெளிந்து, அடங்கினார்கள். உறுமல் இறங்கி வந்தது. அதன் மேல் அவள் தன் ஸ்வரத்தைப் பாலில் ஆடை படிவதுபோலப் படியவிட்டாள். பாட்டு எப்போது ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வயலின்கள் சேர்ந்தன. டேப் உரிந்தது, லிஃப்ட் கதவு மூடியது, தையல் மிஷின் மூச்சு விட்டது. எல்லாம் ஏறி ஏறி, நாற்காலிக் கால்கள் அதிர, கூரையைத் தொட்டு நின்றபோது, அவள் ஒரே தட்டில் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

மிச்சம் இருந்தது அந்த ‘ம்ம்ம்’ மட்டும்.

“அடியே, இது நம்ம ஃப்ரிட்ஜுடி!” என்று மூன்றாம் வரிசையில் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது. அரங்கம் சிரித்தது. அம்மா பக்கத்தில் மூன்று அத்தைமாரும் புதுப் புடவையில், தம்மை மறந்து, மூக்கால் முனக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டார். பிறகு அந்த வரிசை, அடுத்த வரிசை, படிக்கட்டு. ஒரு பிசிறு இல்லை. அவரவர் வீட்டில் நாள் முழுக்கக் கேட்ட ஸ்வரத்தை யார் தவறவிடுவார்கள்? வண்டு எழுந்து நின்று கையை எடுத்துக் கும்பிட்டாள். கைதட்டல் எழுந்து அந்த முனகலை மூடிவிட வெகு நேரமாயிற்று. வயலின் பெரியம்மா கைதட்டவில்லை. அவரும் முனகிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பார்சல் ஆபீஸ் வேலையை அவள் விட வேண்டியதாயிற்று, அத்தனை மேடைகள். ஒவ்வோர் அரங்கத்துக்கும் முதல் நாளே போய், வெறும் அறையில் உட்கார்ந்து விளக்குகளைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். சவுண்டுக்காரர் பிரியமாக வாங்கிக் கொடுத்த புது ஹெட்போன் உறை பிரிக்காமல் இருக்கிறது. மேசை இன்னும் ஜன்னலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்தான்.

அத்தானுக்குத்தான் பெருமை பிடிபடவில்லை. பட்டறை வாசலில் புதுப் பலகை ஒன்று மாட்டிவிட்டார்: ‘இங்கே ஃப்ரிட்ஜ் சத்தம் எடுத்துத் தரப்படும். வேண்டுவோர்க்குத் திரும்பவும் போட்டுத் தரப்படும்.’