பச்சைத் தாவணியும் பந்தயச் சீட்டும்

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவன் நான்தான். அந்தப் பெருமையைத் தவறாகப் பயன்படுத்தவும் மூன்றாம் வகுப்பிலேயே கற்றிருந்தேன்.

அப்பாவிடம் ஒரு செவலைக் குதிரை இருந்தது. வாரத்தில் நாலு நாள் அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு இழுக்கும். மாசித் திருவிழா வந்தால் திருச்சுழி ரோட்டில் நடக்கும் வண்டிப் பந்தயத்தில் ஓடும். ஓட்டுவது எப்போதும் சித்தப்பா. அந்த வருடம் வேப்பமரத்தில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்க் கையையும் சேர்த்து ஒடித்துக்கொண்டார். அப்பாவுக்கோ முழங்கால் வலி. குதிரை கட்டுப்படுகிற இன்னொரு ஆள் பதினைந்து வயது அக்கா மட்டும்தான்.

“நான் ஓட்டுறேன்” என்றாள்.

சித்தப்பா யோசித்து ஒப்புக்கொண்டார். ஆனால் தன் பழைய பெல்பாட்டம் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் உருமா கட்டி வர வேண்டும். “பய ஓட்டுறான்னு நெனச்சிக்கிருவாக. வம்பில்ல.”

அக்கா பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். “ஒரு காலுக்குள்ள ரெண்டு பேரு போகலாம் போலயே. நான் தாவணியிலயே வாரேன் சித்தப்பா.”

“தாவணி சக்கரத்துல மாட்டுச்சுன்னா?”

“ஒங்க பெல்பாட்டம் மாட்டாதாக்கும்?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா விடவில்லை. பெண்பிள்ளை என்று தெரிந்தால் பந்தயக் கமிட்டிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், குதிரை ஓடாமலே வீடு வந்து சேரும் என்றார். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும், “ஓட்டுனா நானாத்தான் ஓட்டுவேன்” என்றாள்.

அப்பா பீடியைக் கீழே போட்டார். “குதிர வாரப் பிடிக்கப்போறது அவ. எது தோதோ அதக் கட்டிக்கிரட்டும்.”

பந்தயத்தில் சேர, ஓட்டுகிறவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மைக்கில் அதைத்தான் வாசிப்பார்கள். சித்தப்பா என் காதருகே வந்து, “எவனாச்சும் ஒரு பய பேர எழுதுலே” என்றார். எனக்குத் தெரிந்த பயல்களில் சிறந்தவன் நான்தான். என் பெயரை எழுதினேன்.

“என் பேரு எங்கலே இருக்கு?” என்று கேட்டாள் அக்கா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அதன்மேல் மெதுவாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

பந்தயத்தன்று அம்மா பச்சைத் தாவணியை அவள் இடுப்பில் இறுக்கிச் சுற்றி, நாலு ஊக்கு குத்திவிட்டாள். மைக்கில் என் பெயர் முழங்கியது. நான் குதித்தேன். கூட்டத்தில் ஒருவர், “ஏலே, தம்பி தாவணி கட்டி வந்திருக்காருலே!” என்றதும் ரோடே சிரித்தது.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். வாரை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நேரே மைக்செட்காரரிடம் போனாள். “அது என் தம்பி பேருண்ணே. ஓட்டுறது நான்.” தன் பெயரைச் சொன்னாள்.

கமிட்டிக்காரர் அப்பாவைப் பார்த்தார். “என்னய்யா இது?”

“அதான் அவளே சொல்லிட்டாள்ல.”

மைக்செட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பெயரை வாசித்தார்.

எட்டு வண்டிகளில் எங்கள் வண்டி மூன்றாவதாக வந்தது. முதல் மூன்று பேருக்கும் பரிசுத் துண்டைத் தோளில் போர்த்துவது வழக்கம். தாவணித் தோளைக் கண்டு தயங்கிய கமிட்டிக்காரர், துண்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் கமிட்டிக்காரர் அதை அக்கா கையிலேயே கொடுக்க, அவளே தோளில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அக்கா திட்டவில்லை. மைக்செட்காரரிடம் கேட்டு வாங்கிய சீட்டை என்னிடம் நீட்டி, “இதுக்குப் பின்னால என் பேர எழுதுலே. பெருசா” என்றாள். என் பெயரை மைக்கில் மாற்றிவிட்டார்களே என்ற கோபத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், வண்டியின் பக்கப் பலகையில் கரிக்கட்டையால் அதே எழுத்துகள், கோணல்மாணலாக. பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் சிலேட்டைப் பார்த்து எழுதினால் அடி விழும். நான் நேரே அப்பாவிடம் ஓடிப்போய், அக்கா என்னைப் பார்த்து எழுதிவிட்டாள் என்று புகார் சொன்னேன்.