சாந்தியின் பம்ப் என் பையில்

நானும் சாந்தியும் வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் இருபது வருடமாக இருக்கிறோம். அவளுக்கு இழுப்பு உண்டு. போன தை மாதம் இருவரும் ஹட்டனுக்கு ரயில் ஏறியபோது, மூச்சுக்கு அடிக்கும் பம்ப்பை என்னிடம் நீட்டினாள்.

"என்ரை பேர்ஸ் சின்னன். உன்ரை பையிலை வை. நீ பக்கத்திலைதானே இருக்கப் போறாய்."

நாவலப்பிட்டியில் தேநீர் வாங்க இறங்கினேன். பழக்கதோஷத்தில் பையும் தோளோடு வந்துவிட்டது. ரயில் நகரவே ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றினேன். அங்கிருந்து எங்கள் பெட்டிக்குப் போக வழியில்லை. மலையேற ஏறக் குளிர் கூடியது. அப்போது என் போன் அடித்தது.

"பம்ப்..." என்றாள் சாந்தி. அதன்பின் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டுந்தான் கேட்டது.

அடுத்த நிலையத்தில் ரயில் நின்றதும் பிளாட்ஃபோமில் ஓடினேன். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு தரம் அடித்துச் சற்று நேரம் போனபிறகு கண்ணைத் திறந்து, "தேத்தண்ணி எங்கை?" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

இப்போது எங்கே புறப்பட்டாலும், அவள் புதிதாக வாங்கிய பெரிய பேர்ஸைத் திறந்து பம்ப்பைக் காட்டும்வரை நான் வண்டியில் ஏறுவதில்லை.

"பொலிஸ்காரி மாதிரி நிக்கிறாய்" என்று திட்டுகிறாள்.

திட்டட்டும். திட்டுவதற்கும் மூச்சு வேண்டும்.